சாமா ஊர் முகப்பில் நிற்கும் மரத்தொட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்கியில் இருக்கிறேன். உங்கள் நாளிதழை இணையத்தில் தினமும் படிக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள் நிறைய பேர். அவர்களுக்கும், அவர்களோடு வந்து தங்கும் பெற்றோருக்கும் இங்குள்ள ஒரு பழைய நீராவி ரயில் பாதையின் கட்டடங்களைக் காக்கும் வேலையில் கைகொடுங்கள் என்று உங்கள் மூலமாக ஒரு வேண்டுகோள் வைக்கவே இந்தக் கடிதம்.

அல்புகர்கியிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் சாமா என்ற சின்ன ஊர் வரும். ஜனத்தொகை ஆயிரத்தைத் தொடாது. கொலராடோ எல்லைப் பக்கமிருந்து 17ஆம் எண் சாலையில் மலையிறங்கி வருகிறவர்களுக்கு வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்னால் கண்ணில் படுவது ரயில்வே யார்டுதான். இரண்டு குழாய்கள் நீட்டிய மரத் தண்ணீர்த் தொட்டி, 1924இல் கட்டிய உயரமான நிலக்கரிக் கோபுரம், இன்ஜின் ஷெட், ஸ்டேஷன் கட்டடம், ஆடு மாடுகளை வேகனில் ஏற்றுவதற்கான மரப்பட்டி. ஒரு நீராவி ரயில்வே நடப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தந்த இடத்திலேயே நிற்கின்றன. முதல் தடவை பார்த்தபோது கை கூப்பத் தோன்றியது.

இது மூன்றடி கேஜ் பாதை, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 914 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம்தான் குறுகல் என்பதால், தண்டவாளத்தைப் பார்த்ததும் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. சில்வர்டன் பக்கத்து வெள்ளிச் சுரங்கங்களை எட்டிப் பிடிக்க டென்வர் அண்டு ரியோ கிராண்டே கம்பெனி 1880இல் போட்ட பாதை இது. சாமாவிலிருந்து கிளம்பும் வண்டி 10,015 அடி உயரத்தில் உள்ள கம்ப்ரஸ் கணவாய்க்கு ஏறியாக வேண்டும். ஏற்றம் 25 அடிக்கு ஒரு அடி. நம் நீலகிரி மலை ரயில் இதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. ஆனால் அதற்குப் பல்சக்கரம் உண்டு. இங்கே வெறும் சக்கரமும் தண்டவாளமும்தான். அதனால் இன்ஜின்கள் நிலக்கரியையும் தண்ணீரையும் குடித்துத் தீர்க்கும். அந்தப் பெரிய தொட்டியும் கோபுரமும் ஏன் அங்கே நிற்கின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1960களின் கடைசியில் கம்பெனி இந்தப் பாதையைக் கைவிட முடிவெடுத்தது. சாமாவுக்கு மேற்கே டுராங்கோ வரை தண்டவாளத்தைப் பிடுங்கியும் விட்டார்கள். ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. கொலராடோ, நியூ மெக்சிகோ என்ற இரண்டு மாநில அரசுகளையும் பேசி இணங்க வைத்தார்கள். 1970இல் சாமாவுக்கும் கொலராடோவில் உள்ள அன்டொனிட்டோவுக்கும் இடையிலான 64 மைல் பாதையை இரு மாநிலங்களும் சேர்ந்து விலைக்கு வாங்கின. வாங்கியதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. இன்ஜினையும் பெட்டிகளையும் மட்டும் பொறுக்கி எடுக்காமல் கட்டடங்கள், தொட்டிகள், பாலங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினார்கள். இன்று அது கம்ப்ரஸ் அண்டு டோல்டெக் என்ற பெயரில் கோடைக்காலத்தில் ஓடுகிறது. 2012இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் பாதையை வாங்கினால் மட்டும் போதுமா? டிக்கெட் விற்ற பணம் இன்ஜின் பாய்லருக்கும் தண்டவாளத்துக்குமே சரியாகிவிடும். மழையிலும் பனியிலும் நனைகிற கட்டடத்தை யார் பார்ப்பது? அதற்காகவே 1988இல் 'கம்ப்ரஸ் அண்டு டோல்டெக் நண்பர்கள்' என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. கோடையில் சாமாவிலும் அன்டொனிட்டோவிலும் வேலை முகாம் நடத்துகிறார்கள். ஆசிரியர்கள், நர்ஸ்கள், ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எனப் பல மாநிலங்களிலிருந்து தங்கள் கைக்காசில் வந்து, தொழிலாளிகளைப் போலவே காலையில் கையுறை மாட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குகிறார்கள். நானும் போகிறேன். என் வயதுக்கு ஏணி ஏற விடமாட்டார்கள். கீழே உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் பஞ்சமில்லை.

அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பீப்பாய் கட்டுகிற முறையில்தான் இதைச் செய்திருக்கிறார்கள். நெட்டுக்குத்தாகப் பலகைகளை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். பலகைக்குப் பலகை ஆணியோ பசையோ கிடையாது. தண்ணீர் நிரம்பியதும் மரம் ஊறிப் பருத்து, இடைவெளி தானாக அடைபட்டுவிடும். வளையங்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள்: மேலே எட்ட எட்ட இருக்கும், அடிக்கு வர வர நெருங்கிவிடும். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுவதால் இந்த ஏற்பாடு. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இதே தொட்டி சில கோடைக்குக் காலியாகக் கிடந்தால் போச்சு. பலகை காய்ந்து சுருங்கும், வளையம் தளரும், ஒரு பலத்த காற்றில் பலகைகள் சரியும். கைவிட்ட ரயில் பாதைகளில் இப்படித்தான் மரத்தொட்டிகள் அழிந்தன. இவை நின்றபடியே தாமாக நிலைக்கும் பொருட்கள் கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வளையத்தை முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேலியைச் சுற்றிப் போட்டு, பெயர்ப்பலகை நட்டுவிட்டு நகர்ந்துவிடுவது பாதுகாப்பு ஆகாது.

முகாமில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் பழுது பார்க்கும் முறை. மாட்டுப்பட்டியில் ஒரு கம்பத்தின் அடி அழுகியிருந்தது. முழுக் கம்பத்தையும் பிடுங்கிப் போட்டுப் புதிது நட்டால் அரை நாள் வேலை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலில் நாலா பக்கமும் போட்டோ எடுத்தார்கள், அளவு குறித்தார்கள். அழுகின பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே ஜாதி மரத்தில் துண்டு செதுக்கி, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வைத்து போல்ட் போட்டார்கள். புதுத் துண்டின் உள்முகத்தில் ஆண்டையும் எழுதினார்கள். நாளைக்கு ஆராய்ச்சி செய்கிறவன் எது பழசு, எது புதுசு என்று குழம்பக் கூடாது அல்லவா? மூல மரத்தில் எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவு வைப்பதுதான் இங்கே அரசு வகுத்த நெறியும்கூட. பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும். ஈயம் கலந்திருக்கும் என்பதால் ஈரப்படுத்தி, முகமூடி போட்டுத்தான் சுரண்டுகிறார்கள்.

நீராவி இன்ஜின் என்றால் எல்லோருக்கும் ஆசை. பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், நன்கொடையும் தருகிறார்கள். தவறில்லை. ஆனால் இன்ஜினை எந்த ஊருக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைக்கலாம். நிலக்கரிக் கோபுரத்தை அந்த இடத்தை விட்டு எடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பனிக்காலத்தில் மலையில் தங்கிப் பாதையைக் காத்த கேங்மேன் குடும்பங்கள் வசித்த வீடுகள் கம்ப்ரஸிலும், இதே பாதையில் உள்ள ஓசியரிலும் சப்லெட்டிலும் இருக்கின்றன. ரயில்வேயை உண்மையில் தூக்கிப் பிடித்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தாம். நம் ஊரில் 1992க்குப் பிறகு அகலப்பாதை வேலை வேகமெடுத்தபோது, நீராவி வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிய வாட்டர் காலம்களும் கை சிக்னல்களும் பழைய இரும்பாகப் போனதைப் பணியிலிருந்தபோதே பார்த்தவன் நான். அகலப்பாதை வந்தே ஆக வேண்டியிருந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு ஊர் முகப்பில் ஒன்றையாவது நிற்க விட்டிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

2010இல் இந்தப் பாதையில் உள்ள லொபாட்டோ பாலம் தீப்பிடித்து, சாமாவிலிருந்து வண்டி போக முடியாமல் நின்றது. சரிசெய்து மறுபடி திறக்க அடுத்த ஆண்டு ஆனது. பாலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரமும் பழைய இரும்பும் கலந்த கட்டமைப்பைத் தினமும் கண் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். சம்பளம் கொடுத்து அத்தனை ஆளை வைக்க இந்தச் சின்ன ஊர்களால் முடியாது.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். டென்வர், அல்புகர்கி, டெக்சாஸ் பக்கங்களில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளைகளோடு சில மாதம் தங்க வரும் பெரியவர்கள் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து, பேசக்கூட ஆளில்லாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அவர்களில் ஃபிட்டர் உண்டு, தச்சர் உண்டு, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்கள் உண்டு. நீராவி இன்ஜினைக் கையாண்டவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த அறிவுக்கு இங்கே மரியாதை கிடைக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பாதகமில்லை. ஸ்பேனரைப் பிடிக்கிற விதத்திலேயே ஆளைப் புரிந்துகொள்கிறார்கள். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்கள், சம்பளமில்லாத இந்த வேலையில் சேரலாமா என்பதை அமைப்பிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் வேலை செய்ய முடியாவிட்டாலும், பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சேரலாம். முன் அனுபவம் தேவையில்லை, கற்றுக்கொடுப்பார்கள். இளவயதுக்காரர்கள் குறைவு என்பதுதான் முகாமில் எல்லோருக்கும் உள்ள கவலை. கோடை முகாமுக்கான பெயர்ப்பதிவை அமைப்பின் இணையதளத்தில் செய்யலாம். மலை உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பாலப் பிரிவு ஊழியர்,
அல்புகர்கி, நியூ மெக்சிகோ.