கேம் ஓடுமா என்று கேட்ட மாப்ளைக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
20 ஜனவரி 2026

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குப் பொங்கல் பாதிக் காரணம், நேற்று நடந்த ஆற்றுத் திருவிழா மீதிக் காரணம். ஆல்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்று மணலில் கால் வைக்க இடமில்லை. சுருளிக் கிழங்கு வாங்கி வந்தேன், அம்மா அவித்துக் கொடுத்தாள். பெங்களூருக்குப் போன பிறகு எத்தனை தை ஐந்தைத் தவறவிட்டாய் என்று எண்ணிப் பார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் மாமியார் கட்டியிருக்கும் புடவை பட்டா, செயற்கையா என்று எட்ட உட்கார்ந்தே சொல்கிறாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மருமகளுக்கு மேக் வாங்கிக் கொடுத்தாய், அண்ணன் மகன் விளையாடும் கேமில் அவளால் சேர முடியவில்லை என்று அழுகிறாள், விண்டோஸ் லேப்டாப் ஒன்று வாங்கிவிடட்டுமா, இல்லை விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற உன் இலவச லினக்ஸ் பைத்தியத்தை நானும் பிடித்துக்கொள்ளட்டுமா என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கேள்வியை நீ கேட்பாய் என்று 25 வருஷமாகக் காத்திருக்கிறேன்.

லாரன்ஸ் ரோட்டு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டர் நினைவிருக்கிறதா? மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து ரோட் ராஷ் ஓட்டுவோமே. அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அங்கேதான் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை நான் உன்னிடம் காட்டினேன். அன்று சாயங்காலமே முதுநகருக்குப் போய் உன் அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டோம். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று பார்ட்டிஷன் கேட்ட இடத்தில் நான் எதைப் படித்தேனோ, என்டர் அடித்துவிட்டேன். அண்ணனுடைய முந்திரிக் கணக்கு அத்தனையும் போயிற்று. திரும்ப ஆன் செய்தால் லினக்ஸை எழுப்பிவிட வேண்டிய லைலோ (LILO) என்ற அந்தப் பூட் லோடர் 'எல்', 'ஐ' என்று இரண்டே எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுபோனது. மிச்சம் இரண்டு எழுத்து வருமா என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒருவழியாக அது ஓடியபோது அதில் இருந்த உருப்படியான ஒரே கேம், பனிமலையில் பெங்குவின் வழுக்கிக்கொண்டு போவது. "ஒரு பெங்குவினுக்காகவாடா எங்க அண்ணன் கணக்கத் தொலைச்ச?" என்று நீ கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அப்போதெல்லாம் உன்னிடம் ஒரே சமாதானம்தான் சொல்வேன்: கேம் செய்பவர்கள் மனசு வைத்தால் எல்லா சிஸ்டத்திலும் ஓடும். டூம் கேம் 1993-ல் விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் சிஸ்டத்துக்கு வந்தது, அடுத்த வருஷமே லினக்ஸுக்கும் வந்ததே என்பேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன். லோக்கி என்று ஒரு கம்பெனி 1998-ல் ஆரம்பித்து, விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றிப் பெட்டியில் போட்டு விற்றது. 2002-ல் இழுத்து மூடிவிட்டார்கள். எங்களைப் போன்ற ஆட்கள் வாய் கிழியப் பேசினோமே தவிர, காசு கொடுத்து வாங்கவில்லை. அதில் நானும் ஒருவன்.

விண்டோஸ் ஜெயித்ததற்குக் காரணம் அது நல்ல சிஸ்டம் என்பது இல்லை, மாப்ளே. மைக்ரோசாஃப்ட் 1995-ல் டைரக்ட்எக்ஸைக் கொண்டுவந்தது. கிராபிக்ஸ் கார்டிடம் கேம் பேசுவதற்கு டைரக்ட்3டி என்று ஒரு பாஷை. அந்தப் பாஷை விண்டோஸில் மட்டும்தான் புரியும். கேம் எழுதுகிறவன் அதில் எழுதினான், விளையாடுகிறவன் அதன் பின்னாலேயே போனான். 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, தெரியுமா? என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது, "அண்ணா, அந்த இன்னொண்ண எடுத்துட்டு அந்த இடத்துல கேம் போட்டுக் குடுங்க." எத்தனை லேப்டாப்பில் என் கையாலேயே லினக்ஸை அழித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இப்போது நிலைமை மாறியிருப்பது துபாஷியால். பாண்டிச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்போம்! அந்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷி. பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொல்லி, தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லி வியாபாரத்தை நடத்தியவர். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது வைன் என்ற மென்பொருள். 1993-லிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போலியாக ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரை உள்ளே கட்டி அதற்குள் கேமை ஓட்டுவதில்லை. கேம் விண்டோஸிடம் என்ன கேட்கிறதோ அதை வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பதில் வாங்கிக் கொடுக்கும். படம் வரைகிற பேச்சுக்குத் தனியாக டிஎக்ஸ்விகே என்று ஒன்று, டைரக்ட்3டியை வல்கன் என்ற பொதுப் பாஷைக்கு மாற்றுகிறது. அதை ஆரம்பித்தவர் தனி ஆள். நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்டு எழுத உட்கார்ந்தார். நமக்கும்தான் ஆசை இருந்தது, முந்திரிக் கணக்கோடு முடிந்துபோயிற்று.

ஸ்டீம் என்று இணையத்தில் கேம் கடை நடத்தும் வால்வ் கம்பெனி இதையெல்லாம் சேர்த்து 2018-ல் புரோட்டான் என்று கொடுத்தது. லினக்ஸ் மேல் பாசம் பொங்கிச் செய்ததாக நினைக்காதே. 2012-ல் விண்டோஸ் 8 தன் சொந்தக் கடையோடு வரப்போகிறது என்றதும் அவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. வீட்டுக்காரனே கீழ்த்தளத்தில் கடை போட்டால் வாடகைக்கு இருக்கிற கடைக்காரன் என்ன ஆவான்? அதனால் மாற்று இடம் தேட ஆரம்பித்தார்கள். 2015-ல் ஸ்டீம் மெஷின் என்று கொண்டுவந்தது ஊற்றிக்கொண்டது. 2022-ல் வந்த ஸ்டீம் டெக், கையில் பிடித்து விளையாடுவது, நன்றாகப் போயிற்று. அதற்குள் இருப்பது லினக்ஸ்தான் என்பது வாங்கியவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்து வைத்திருந்தேன். கையால் செய்து பார்க்க வேண்டிய நிலை போன அக்டோபரில் வந்தது. விண்டோஸ் 10-க்கு 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. என் பெரிய பையனுடைய சிஸ்டத்தில் இருப்பது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை ஐ5 சிப். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல்லைப் பெரும்பாலும் ஏற்காது. சிஸ்டம் என்னவோ குதிரை மாதிரி ஓடுகிறது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையில் வந்தபோது நானும் அவனும் அதைத்தான் முதலில் தலையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். உன் தங்கச்சி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள், அரிசி மூட்டை அப்புறம்தானாம். அப்படிக் காப்பாற்றியதைக் குப்பையில் போட மனசு வருமா? லினக்ஸில் மின்ட் என்ற வகையைப் போட்டேன்.

முதல் நாள் ஒரு கேமும் திறக்கவில்லை. பெரியவன் என்னைப் பார்த்த பார்வையில் 25 வருஷத்துக்கு முந்தைய உன் முகம் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான். கேம் எல்லாம் பழைய டி டிரைவிலேயே இருக்கட்டும், மறுபடி டவுன்லோட் செய்வானேன் என்று விட்டிருந்தேன். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆன டிரைவ். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும், ஆனால் புரோட்டான் அதன் மேல் உட்கார்ந்தால் தகராறு செய்யும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றி, அறுபது ஜிபியை ராத்திரி முழுக்க இறக்கினோம். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயிற்று. நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு இந்தக் கதி. காலையில் அவனுடைய பதினோரு கேமில் ஒன்பது ஓடின. முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் திக்கும், அப்புறம் சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று கேம் விண்டோஸில் இருந்ததைவிட வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவனே சொன்னான். நான் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மீதி இரண்டில் ஒன்று பழைய கேம், அதை விடு. இன்னொன்று ஆன்லைனில் கூட்டாக விளையாடும் வேலரன்ட். அது லினக்ஸில் வராது. துபாஷி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அங்கே பிரச்சினை பாஷை இல்லை, காவல்காரன். ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிப்பதற்கு வேன்கார்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கேமோடு மட்டும் இருப்பதில்லை. சிஸ்டம் பூட் ஆகும்போதே அதன் அடித்தளமான கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேல் இடமே இல்லை என்கிற ஆழத்தில். லினக்ஸில் கெர்னலையே நான் திருத்தி எழுதிப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரனே சுவரை இடித்துக் கட்டுகிறவனாக இருந்தால் வாசலில் நிற்கும் காவல்காரன் எதை நம்பிச் சாட்சி சொல்வான்? அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கேமுக்காக அவ்வளவு ஆழத்தில் ஒருவனை விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2024 ஜூலையில் அதே ஆழத்தில் இருந்த ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் தப்பாகி, உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு படுத்தனவே, விமானங்கள்கூட நின்றனவே. அன்று பெங்களூர் ஏர்போர்ட்டில் நீயும் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்து புலம்பினாய்.

இதையே பெரியவனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, என் பசங்க நாலு பேரும் அதுலதான் இருக்கானுங்க" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச? ஒரு பழைய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 10-ஐ மட்டும் தனியாகப் போட்டு, அந்த ஒரு கேமுக்காக வைத்திருக்கிறேன். மற்றதற்கெல்லாம் மின்ட். என் கொள்கைக்கு வந்த கதியைப் பார். ஸ்டீமின் கணக்குப்படி அதைப் பயன்படுத்துகிறவர்களில் லினக்ஸ்காரர்கள் போன அக்டோபரில்தான் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். மிச்சத்தில் பெரும்பங்கு விண்டோஸ். பையனுடைய நாலு நண்பர்களும் அந்தப் பெரும்பங்கில்தான் இருக்கிறார்கள்.

உன் மேக் விஷயம். ஆப்பிளுக்குக் கேம் மேல் எப்போதும் ஒரு அரை மனசு. 1999-ல் ஹேலோ கேமை ஸ்டீவ் ஜாப்ஸ்தான் மேடையில் காட்டினார். அடுத்த வருஷம் அதைச் செய்த கம்பெனியையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டு எக்ஸ்பாக்ஸுக்கு எடுத்துப் போய்விட்டது. 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது பழைய 32 பிட் முறை மென்பொருள் எதுவும் ஓடாது என்று ஒரே போடாகப் போட்டார்கள். அதில் எத்தனையோ பழைய கேம்கள் ஒரே நாளில் செத்தன. உன் லேப்டாப்பில் இருப்பது ஆப்பிளின் எம் வரிசைச் சிப், பலமான ஆள்தான், சைபர்பங்க் மாதிரிப் பெரிய கேமே போன வருஷம் அதற்கு வந்துவிட்டது. அதனால் சிஸ்டத்தைக் குறை சொல்லாதே, இன்னொன்று வாங்கவும் செய்யாதே.

ஏனென்றால் மருமகள் அழுவது மைன்கிராஃப்டுக்காக என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுதியிருக்கலாமே! அதில் இரண்டு வகை இருக்கிறது. ஜாவா எடிஷன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெட்ராக் எடிஷன் விண்டோஸிலும் போனிலும் கேம் பெட்டிகளிலும் ஓடும், மேக்குக்குக் கிடையாது. ஜாவாக்காரரும் பெட்ராக்காரரும் ஒரே உலகத்தில் நேரடியாகச் சந்திக்க முடியாது. உன் மேக்கில் இருப்பது ஜாவா, அண்ணன் மகன் திறப்பது பெட்ராக், அவ்வளவுதான் விஷயம். அவன் கம்ப்யூட்டருக்கென்று வாங்கியிருந்தால் அதே கணக்கில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், தனியாகக் காசு வேண்டாம். போனில் வாங்கியிருந்தால்தான் புதிதாக வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுநகருக்குப் போய் அவன் கம்ப்யூட்டரில் ஜாவா எடிஷனைப் போட்டுக் கொடுக்கிறேன். இரண்டு பேரும் சந்திக்க ஒரு சர்வர் வேண்டும். கடையில் மேஜைக்கு அடியில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது, அதில் ஓட்டிவிடலாம். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு மட்டும் ஒரு வழி செய்ய வேண்டும், என் பிராட்பேண்டில் தெருவுக்கே சேர்த்து ஒரே இணைய முகவரி, ஒரே வாசல்தான் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி பெரியவனை வைத்து அதையும் முடித்துவிடுகிறேன். மருமகளைச் சாயங்காலம் நாலு மணிக்கு உட்காரச் சொல்.

அண்ணனிடம் மட்டும் நீ முன்கூட்டியே போன் செய்து பேசிவிடு. அவருடைய கணக்கு இன்னும் அதே அறையில், அந்தப் பையன் கேம் விளையாடும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதாம். முதலில் பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன் என்று நான் சொன்னால் நம்ப மாட்டார், நீ சொல்.

உன்
மஞ்சக்குப்பத்து மாப்ளே