ஒன்றரை முழச் சீட்டும் உன் ஒரே கேள்வியும்

மட்டக்களப்பு
ஒக்டோபர் 2024

அன்புள்ள கிளிக்கு,

உன் குரல்பதிவை மூன்று தரம் கேட்டேன். நடுவில் நீ மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. எனக்குப் போனில் பேசினால் பாதி விசயம் மறந்துவிடும், அதனால்தான் கொப்பித் தாளில் எழுதி, பெறாமகனிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. என் முழங்கால் அப்படியேதான். ஆயித்தியமலை மாதாவிடம் இந்த முறை நடந்து போகவில்லை, பஸ்ஸில்தான் போனேன். உனக்காகவும் ஒரு மெழுகுதிரி.

மறுகா, விசயத்துக்கு வருகிறேன். உங்கள் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்காக உன் வீட்டுக்காரரின் சபையில் பாஸ்டர் ஒரு தாளைக் கொடுத்தாராம். கிறிஸ்தவனுக்கு ஒரே கேள்விதான், அது கருக்கலைப்பு, அதைப் பார்த்து வாக்குப் போடு, மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றாராம். கருக்கலைப்பை எதிர்ப்பவரை விட்டு நீ மற்றவருக்குப் போட நினைத்ததே பாவமா என்று என்னைக் கேட்கிறாய். நான் குருவானவர் இல்லை. 31 வருடம் மிட்வைப்பாகச் சைக்கிள் மிதித்தவள், எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

வயிற்றில் இருப்பது உயிர்தான். அதில் பாஸ்டரோடு எனக்கு வழக்கில்லை. குழலை வயிற்றில் வைத்து, மூச்சை அடக்கி, அந்தச் சத்தத்தை எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன்! அது வெறும் சதை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் சட்டம் ஒன்று போட்டால் எல்லாம் சரி என்று சொல்பவர்களை இங்கே கூட்டி வா. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவுதான் இன்றைக்கும் நமக்கு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு, மற்றபடி குற்றம். வல்லுறவுக்கு ஆளானவளுக்கும், பிழைக்காது என்று தெரிந்த கருவுக்கும் இடம் கொடுக்கலாம் என்று 2017இல் பேச்சு எழும்பியது. நம்முடைய ஆயர்கள் எதிர்த்தார்கள், அதோடு அது அமர்ந்துபோனது. இவ்வளவு இறுக்கமான சட்டத்துக்குக் கீழேதான் காய்ச்சலோடு, நாற்றத்தோடு பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். எங்கே செய்தாய் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். பொலிசுக்குப் பயம். சொல்லாததாலேயே வைத்தியம் பிந்தும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை இருக்கிறது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை ஒருத்தி, நாலு மாத வயிற்றோடு திரும்பி வந்தாள். கலியாணம் ஆகவில்லை. இரவில் என் வாசலில் வந்து குந்தி, 'மிஸ்ஸி, இதை அழிக்க ஒரு வழி சொல்லுங்க' என்றாள். நான் சொல்லவில்லை. வாரக்கணக்காகப் போய்ப் பேசினேன், செபமாலை கூடச் சொன்னேன். கடைசியில் பெற்றாள், பெண் பிள்ளை. மறுகா என்ன நடந்தது தெரியுமா? ஞானஸ்நானத்துக்குத் தகப்பன் பெயர் கேட்டார்கள். கருக்கலைப்புக்கு எதிராக உண்ணாநோன்பு இருந்து செபித்த அதே பெண்கள் ஒருத்திகூட ஞானத்தாயாக நிற்க வரவில்லை. நான்தான் நின்றேன். பிள்ளைக்கு இரண்டு வயதிருக்கும்போது தாய் ஒரு நாள் சொன்னாள்: 'பெறச் சொல்ல நீங்க இருந்தீங்க மிஸ்ஸி. பால்மா வாங்க ஆரு இருக்காங்க?' அவள் திரும்ப வெளிநாடு போனாள். பிள்ளை அம்மம்மாவோடு வளர்ந்தாள், இப்போது சாதாரண தரம் எழுதப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் புட்டைச் சாப்பிட்டுக் குறை சொல்வாள். அவள் இல்லாத உலகத்தை என்னால் நினைக்க முடியாது. அதற்காக அந்தத் தாய் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றும் ஆகாது.

அதனால்தான் அந்த 'ஒரே கேள்வி' எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. நமது செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள். சீட்டில் 39 பெயர், ஒன்றரை முழ நீளம். கருக்கலைப்பைப் பற்றிப் பேசி இங்கே வாக்குக் கேட்டவர் எவரும் இல்லை. நம்ம ஊர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குப் போடுவதா, தமிழரசுக் கட்சி சொன்னபடி சஜித்துக்குப் போடுவதா, அநுரவைப் பார்ப்பதா என்று எங்கள் வீட்டிலேயே மூன்று கன்னை. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் பாஸ்டரின் அளவுகோலோடு நான் போயிருந்தால் வெறும் சீட்டைத்தான் பெட்டியில் போட்டிருக்க வேண்டும்.

அந்தத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்னம், சிங்கப்பூரில் இருந்து திரும்பும் விமானத்தில் பாப்பரசர் பிரான்சிஸிடம் உங்கள் தேர்தலைப் பற்றிக் கேட்டார்கள். குடிபெயர்ந்து வந்தவரை விரட்டுவதும் உயிருக்கு எதிரானது, கருவில் பிள்ளையைக் கொல்வதும் உயிருக்கு எதிரானது, குறைந்த தீமையைத் தெரிவு செய்யுங்கள் என்றார். எது குறைந்தது என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாது, அவரவர் மனச்சாட்சியோடு யோசிக்கட்டும் என்றார். வழுக்கிவிட்டார் என்று அண்ணன் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 90இல் ஊரை விட்டுப் போனபோது நீங்கள் இரண்டு பேரும் என்ன கையில் கொண்டு போனீர்கள் என்று எனக்குத் தெரியும். வந்தவரை விரட்டுவோம் என்கிற ஆளுக்குப் போட உன் கை நடுங்குவதில் என்ன அதிசயம்?

உயிர் என்ற சொல்லும் இந்த ஊரில் கருவறையோடு நிற்பதில்லை. நமக்கு முதல் நன்மை தந்த மரியாள் பேராலயத்தில்தான் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டுக் கொன்றார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் சபையில் குண்டு வெடித்தபோது ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டு, வாக்குப் போடும்போது பிறக்காத பிள்ளையை மட்டும் நினை என்றால் எனக்குச் சரிவரவில்லை.

இன்னொன்று. உங்கள் புளோரிடாவில் கருக்கலைப்புக் கேள்வி அதே சீட்டில் தனியாகவே வருகிறது என்றாயே, நாலாம் திருத்தம் என்று, அது நிறைவேற 60 வீத வாக்கு வேண்டும் என்று. அந்தக் கேள்விக்கு உன் மனச்சாட்சி சொல்லும் பதிலை அந்த இடத்தில் போடு. ஆறு வாரத்தோடு மூடுகிற இப்போதைய சட்டமா, அதைவிட நீண்ட காலத்துக்கு இடம் கொடுக்கிற திருத்தமா என்று இருந்து யோசி. எனக்கென்றால் இரண்டுமே மனதுக்குப் பொருந்தவில்லை, நான் இரண்டு நாள் செபித்துத்தான் போடுவேன். ஆனால் அந்தப் பதிலை ஜனாதிபதி பெயருக்கு மேலும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று பாஸ்டர் ஏன் சொல்கிறார்? அதை அவரிடமே கேள். அழாமல் கேள்.

உனக்கு நவம்பர் 5, எனக்குப் பாராளுமன்றத் தேர்தல் 14. இங்கே 5 ஆசனம், நமக்கு மூன்று விருப்பு வாக்கு. போன கிழமை ஒரு வேட்பாளர் நோட்டீசோடு வந்தார். வெளிநாடு போய்ப் பிள்ளையோடு திரும்பும் பெண்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். 'அன்ரி, உங்கட ரோட்டுக்குக் கொங்கிரீட் போட்டுத் தாறன்' என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி