மண்டபம் வேண்டாம், தெருவே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமான் (வீடமைப்புப் பகுதி) தெருக்களில் கூடாரம் போட்டு விருந்து வைப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, அதற்குத்தான் மண்டபங்கள் இருக்கின்றனவே என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். பாதி சரி. நள்ளிரவு வரை கராவோக்கே அலறினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் பழைய தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடவும் மண்டபம்தான் நல்லது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தவர்கள்.

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்தது. கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பால் வெட்டுக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்கு வேண்டாம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி, பிறகு இடிபட்டன. சிலர் இங்கேயே தாமானில் வீடு வாங்கினோம். மற்றவர்கள் கிள்ளான், பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனார்கள். பேராக்கில் பல தோட்டங்களின் கதை இதுதான், அதனால் நீட்டவில்லை.

முதல் ஒன்றுகூடலை மண்டபத்தில் வைத்தோம். பிரமுகர் ஒருவரை அழைத்தோம். அவர் வந்து சேரும்வரை சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது என்று ஏற்பாட்டுக் குழு சொல்லிவிட்டது. அவர் வந்தபோது பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அப்புறம் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை. மேசைக்குப் பத்துப் பேர் என்று நம்பர் போட்டு உட்கார வைத்ததில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் கிடந்தன. ஒலிபெருக்கிச் சத்தத்தில் பெரியவர்களுக்குப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த வருஷம் மலேசிய தினத்தை ஒட்டிய சனிக்கிழமை மாலை எங்கள் தெருவிலேயே வைத்தோம். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் கூடாரத்தின் ஓரமாக அடுக்கிவிட்டோம், வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மேட்டு லயத்து ஆட்கள் ஒரு பக்கம், ஆற்றோர லயத்து ஆட்கள் ஒரு பக்கம். அதிலும் ஏறக்குறைய பழைய வீட்டு வரிசைப்படி! யாரும் சொல்லி உட்காரவில்லை. எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த அத்தை (ரத்த உறவு இல்லை, ஆனாலும் அத்தைதான்) பிள்ளைகளோடு ஜொகூரிலிருந்து வந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், நலம் கூட விசாரிக்காமல் என் தட்டை எட்டிப் பார்த்து, “இன்னும் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிறியாடி நீ?” என்றார். என் மருமகள் முன்னால் கேட்டார் என்பதுதான் வருத்தம்.

அங்கே ஒரு தாத்தா பேச ஆரம்பித்தார். பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளியே தோட்டம் வாங்கலாம் என்று சொல்லி, சுங்கை சிப்புட்டில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அவர் பேச்சைக் கேட்டுத் தாத்தாவின் அப்பா பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் கட்டியதையும், “சம்பளமே கைக்கும் வாய்க்கும் பத்தல, இதுல உங்களுக்குத் தோட்டம் கேக்குதா?” என்று அம்மா சட்டியைப் போட்டு உடைத்ததையும் தாத்தா சொன்னார். அம்மாவின் குரலிலேயே சொன்னார். துன் சம்பந்தன் என்ற அவர் பெயரைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலைப் பலகையில் மட்டும் பார்த்திருந்த என் பேரன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். இதே தாத்தாவுக்கு மண்டபத்தில் நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். பேசச் சொல்லவில்லை.

தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயின் மகனும் வந்திருந்தார். பற்றுப் புத்தகத்தில் எங்கள் பெயரை எழுதி எழுதியே தமிழ் கற்ற குடும்பம் அது. எந்த வீட்டில் எத்தனை கட்டி அச்சுவெல்லம் வாங்குவார்கள் என்பது வரை இன்னும் நினைவு வைத்திருக்கிறார். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சாப்பாடு வீட்டுக்கு ஒரு சட்டி. பேசி வைக்காததால் மூன்று வீட்டிலிருந்து பாயசம் வந்தது, ரசம் ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. கோழியை எதிர்வீட்டு மக்சிக்கிடமே (மலாய் அம்மா) கேட்டு ஹலால் கடையில் வாங்கியதால், தெருவில் இருக்கும் மலாய்க் குடும்பங்களும் தயங்காமல் சாப்பிட்டார்கள். நன்கொடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் வேலையும் இல்லை.

இனி அந்த வாசகரின் புகாருக்கு வருகிறேன். நகராண்மைக் கழகத்திடமும் போலீசிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். தெருவை முழுக்க அடைக்காமல் ஒரு பக்கம் வண்டி போக வழி விட்டோம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் தெரு இது, ஆம்புலன்ஸ் வந்தால் நின்றுவிடக்கூடாது. வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். இரவு ஷிப்டுக்குப் போகிறவர், மாலையில்தான் தூங்க முடியும். கூடாரத்தை அவர் வீட்டைத் தாண்டித் தள்ளிப் போட்டோம், ஒலிபெருக்கியே வைக்கவில்லை. அவர் வரவில்லை, முகமும் அவ்வளவு நன்றாக இல்லை. அதில் தப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பத்து மணிக்கு முடித்து, இளைஞர்கள் குப்பையை அள்ளிக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. சமூகச் செய்திப் பக்கத்தில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பவர்கள் படம்தான் வாரா வாரம் வருகிறது. படம் வரவேண்டும் என்பதற்காகவே பிரமுகரைத் தேடுகிறார்கள், பிரமுகருக்காகவே மண்டபம் எடுக்கிறார்கள். தெருவில் நடக்கும் ஒன்றுகூடலுக்கும் ஒரு மூலை ஒதுக்கினால், அடுத்த தோட்டத்து ஆட்களும் துணிந்து செய்வார்கள்.

எங்களுக்கு இன்னும் பிடிபடாதது கார் நிறுத்தும் பிரச்சினைதான். வெளியூரிலிருந்து வந்த கார்கள் பக்கத்துத் தெரு வரை நின்றன, அங்கே இருப்பவர்கள் முணுமுணுத்தது நியாயம்தான். வேறு தாமான்களில் இதைச் சமாளித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று இந்தப் பகுதியில் எழுதினால் அடுத்த வருஷத்துக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆற்றோர லயத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்