மூன்று பெயர், ஒரே சாட்சி

அன்பு மக்கா,

நலம்தானே? நீ அனுப்பிய ஆய்வேட்டு இயல், இதற்கு முன் எழுதியவர்களை அலசும் அந்த முன்னாய்வு இயல், பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே ஆனி மழை விட்டபாடில்லை. ரப்பரில் வெட்டு நின்றுபோய் அத்தான் வீட்டோடுதான் இருக்கிறார். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்து, மார்த்தாண்டம் சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வருகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பெரியவன் கல்லூரியில் வரலாறு படிக்கப்போகிறேன் என்கிறான். வீட்டில் யாருக்கும் சம்மதம் இல்லை. எனக்கு மட்டும் மனசுக்குள் அவ்வளவு மகிழ்ச்சி.

சரி, உன் இயலுக்கு வருகிறேன். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி எழுதப்பட்டதில் முக்கியமான எதையும் நீ விடவில்லை. பிள்ளைகளையும் வேலையையும் பார்த்துக்கொண்டு இவ்வளவையும் தேடிப் படித்திருக்கிறாய் என்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. சமர்ப்பிக்கும் முன் மொழியை மட்டும் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னாய். மொழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நீ அடுக்கியிருக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பெரிய வேலைதான், ஆனால் இப்போதே செய்துவிடு.

ஆண்டு வரிசையில் நூல்களை நிறுத்தியிருக்கிறாய். 1871-ல் மட்டீர், 1903-ல் ஆகூர், 1906-ல் நாகமையா, 1968-லும் 1969-லும் ஹார்ட்கிரேவ், 1975-ல் யேசுதாஸ், 1976-ல் ஜெஃப்ரி, 1989-ல் கோய்மன், 2004-ல் எலைசா கென்ட். ஒவ்வொரு பத்தியும் ஒரு பெயரில் தொடங்கி, அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லி முடிந்துவிடுகிறது. யாரும் யாரோடும் பேசவில்லை. உண்மையில் இவர்களுக்குள் நல்ல சண்டை இருக்கிறது மக்கா. ஹார்ட்கிரேவ் இந்தப் போராட்டத்தில் ஒரு சாதி தன்னை உணர்ந்து மேலெழுவதைப் பார்க்கிறார். ஜெஃப்ரி அதையே நாயர் ஆதிக்கம் தளர்ந்த நீண்ட கதைக்குள் வைக்கிறார். கென்டுக்கு மையமே பெண்கள்தான். மானம், அடக்கம் என்று மிஷன் கற்பித்தவை அந்தப் பெண்களின் உடம்பில் எப்படிப் படிந்தன என்று கேட்கிறார். இது சாதிச் சண்டையா, அரசின் சிக்கலா, பெண்ணுடலின் சிக்கலா என்ற கேள்வியை முதலில் நீ போடு. அதற்குக் கீழே இவர்களை எதிரெதிரே உட்கார வை. உன் குரல் தானாக வெளியே வரும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 1822-ல் கல்குளம் பக்கத்தில் நடந்த தாக்குதல்களைச் சொல்லும் பத்தியில், மட்டீர், ஆகூர், கோய்மன் என்று மூன்று பெயர்களை ஒரே அடைப்புக்குள் போட்டிருக்கிறாய். படிக்கிறவருக்கு மூன்று சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்வதுபோல் தெரியும். மட்டீர் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய நூல் வந்தது சம்பவத்துக்கு 49 ஆண்டு கழித்து. ஆகூர் எழுதியது திருச்சபை வரலாறு. கோய்மன் எடுத்துக்கொண்ட பொருளே லண்டன் மிஷன்தான். மூவரும் வெவ்வேறு காலத்தவர்கள், நோக்கமும் வேறு. ஆனாலும் தடம் பிடித்துப் பின்னால் போனால் பெரும்பாலும் மிஷனரிகளின் கடிதங்களிலும் அறிக்கைகளிலும்தான் போய் நிற்கும். அந்தக் கடிதங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் பட்ட அடி எங்கேயும் பதிவாகியிருக்காது. ஆனால் அவை லண்டனுக்கு அனுப்பப்பட்டவை. அங்கே இருந்தவர்களின் ஆதரவு வேண்டி எழுதப்பட்டவை. யார் யாருக்கு எழுதியது என்பதைச் சொல்லாமல் மூன்று பெயரை அடுக்கினால், ஒரு சாட்சியை மூன்றாக எண்ணிவிட்டோம் என்று ஆகும். வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் பாட்டிமார்களின் கதை இது, அதில் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அதேபோல், 1859 ஜூலை 26 அறிவிப்போடு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை முழுமையாகக் கிடைத்தது என்று எழுதி, பின்னால் வந்த ஒரு நூலைச் சான்றாகக் காட்டியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. உத்திரம் திருநாள் மகாராஜாவின் அந்த அறிவிப்பை அப்படியே எடுத்துப் படித்துப் பார். கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை போடலாம், முரட்டுத் துணியை மீனவ முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்று இருக்கிறது. ராணி பார்வதிபாய் காலத்தில், 1829-ல் வந்த அறிவிப்பும் குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதிப் பெண்கள் தோளில் போடும் மேல்துணியை மறுத்தது. முப்பது ஆண்டு அடிதடிக்கும், சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் கொடுத்த நெருக்குதலுக்கும் பிறகும் அந்தக் கடைசிக் கோடு அழியவில்லை. நம் கடற்கரைப் பெண்கள் துணி கட்டும் விதத்தை அரசாணையில் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்களே, அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. முழு உரிமை என்று எழுதிவிட்டால் இதெல்லாம் மறைந்துபோகும். உன் ஆய்வுக்கேள்வி பிறப்பதே இந்த இடத்தில்தான்.

அப்புறம், அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரை இயலின் கடைசியில் இரண்டு வரியில் முடித்திருக்கிறாய். இது எனக்குச் சம்மதமே இல்லை. அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு 1841-ல் எழுதப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதாவது அந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில். மிஷன் கட்டடத்துக்குள்ளேயோ திவான் கச்சேரியிலேயோ எழுதப்படாத ஒரு குரல் அதில் இருக்கிறது. அய்யாவழி வழிபாட்டு இடங்களான நிழல்தாங்கல்களில் ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தானே வணங்குகிறார்கள். துணி பற்றிய சண்டையை முலைக்கச்சையோடு நிறுத்தினால் அந்தத் தலைப்பாகைக்கு இடமே இல்லாமல் போகிறது. பேட்ரிக் 2003-ல் அய்யாவழி பற்றி எழுதிய நூலை உன் பட்டியலில் பார்த்தேன், ஆனால் இயலுக்குள் காணோம். அவரைக் கொண்டுவந்து ஹார்ட்கிரேவுக்கு எதிரில் வை. தனித் தலைப்பாகவே எழுது. இதற்கு இடம் வேண்டுமென்றால் திருவிதாங்கூர் மன்னர் வரிசையைச் சொல்லும் முன்பகுதியை வெட்டு. அது முன்னாய்வு இல்லை, பின்னணி. முதல் இயலில் ஏற்கெனவே சொல்லிவிட்டாய்.

"இதுவரை எவரும் இப்பொருளை ஆராயவில்லை" என்ற முடிவு வரியும் ஆபத்து. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு, உன்னுடையது எது என்று குறுக்கிச் சொல். அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கத்துக் கிழவிமார்களிடம் நீ உட்கார்ந்து கேட்டாயே, பாட்டியும் பூட்டியும் தங்களுக்குச் சொன்ன கதைகளை. அந்த வாய்மொழி நினைவை ஆவணத்தோடு நேருக்கு நேர் வைத்துப் படிப்பதுதான் உன் வேலை. அதை அப்படியே எழுதினால் போதும்.

சின்னச் சின்னது சில. ஒரே பெயரை மட்டீர், மேற்றீர், மாட்டீர் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறாய். நாகர்கோவிலும் நாகர்கோயிலும் மாறி மாறி வருகிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரும் கடைசிப் பட்டியலில் இருக்கிறதா என்று பென்சிலால் அடித்துக்கொண்டே போ, கணினி தேடிக் கொடுக்கும் என்று விடாதே. பிறர் எழுத்தைக் காப்பியடித்ததா என்று பார்க்கும் மென்பொருள் சோதனையை நினைத்து வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாய் போல, சில வாக்கியங்கள் அதனால் நொண்டுகின்றன. யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. நீயே புரிந்துகொண்டு உன் மொழியில் எழுதிய பத்திக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மற்றவர் வார்த்தை அப்படியே வேண்டுமென்றால் மேற்கோள் குறி போட்டு, பக்க எண்ணும் கொடு. அந்த அறிவிப்பின் வாசகத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஓரங்களில் பச்சை மையால் எழுதியிருக்கிறேன், கோபப்படாமல் படி. சில இடத்தில் அருமை என்றும் எழுதியிருக்கிறேன், அவற்றைத் தாண்டிப் போய்விடாதே. தம்பி அடுத்த வாரம் திருநெல்வேலிக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன், கூடவே கொஞ்சம் நேந்திரன் சிப்ஸும். முழு இயலையும் திருத்தி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வைகுண்டர் பகுதியை எழுதியதும் அதை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி