புட்னியில் பேசியவர்களையும் பாடத்தில் சேருங்கள்

இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகளாகத் தமிழ்வழி மாணவர்களுக்கு இங்கிலாந்து வரலாற்றுத் தாள் நடத்தி வருகிறேன். ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் காலம் வந்ததும் வகுப்பு சோர்ந்துவிடும். தெய்வீக உரிமைக் கொள்கை, கப்பல் வரி, 1642இல் உள்நாட்டுப் போர், 1649இல் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது, கிராம்வெல் ஆட்சி, மன்னராட்சியின் மீட்சி, 1688 புரட்சி. காரணங்கள் ஆறு, விளைவுகள் ஐந்து என்று எழுதிக்கொண்டு போவார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். அந்தப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேர்விலும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் பேசியது எழுத்தில் இருக்கிறது. அதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

1647 அக்டோபர் 28. தேம்ஸ் நதிக்கரையில் புட்னி என்ற ஊர், அங்கே செயின்ட் மேரி தேவாலயம். போரில் தோற்ற அரசர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காவலில் இருக்கிறார். வென்ற நாடாளுமன்றப் படை, இனி நாட்டை எப்படி ஆள்வது என்று பேசக் கூடியிருக்கிறது. தளபதி ஃபேர்ஃபாக்ஸுக்கு உடம்பு சரியில்லாததால் கிராம்வெல் தலைமை தாங்குகிறார். அதிகாரிகளோடு சிப்பாய்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் ஜெபத்தில் தொடங்குகிறது. அப்புறம் ‘மக்கள் உடன்படிக்கை’ என்ற அறிக்கை வாசிக்கப்படுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்க வேண்டும் என்கிறது அதன் முதல் பகுதி. கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன் அங்கேயே பிடித்துக்கொள்கிறார். அப்படியென்றால் இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் ஓட்டா என்று கேட்கிறார். கர்னல் ரெயின்ஸ்பரோ சொன்ன பதிலை நான் வகுப்பில் இப்படித் தமிழில் வாசிப்பேன்: இங்கிலாந்தின் மிகப் பெரிய மனிதருக்கு வாழ ஒரு வாழ்வு இருப்பதுபோல மிக ஏழைக்கும் இருக்கிறது; ஆகவே ஓர் அரசாங்கத்தின்கீழ் வாழ வேண்டியவன் முதலில் தன் சம்மதத்தோடு அதன்கீழ் வர வேண்டும்.

ஐர்ட்டன் விடவில்லை. நாட்டில் நிலையான உடைமை உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு யாருடைய சொத்தும் மிஞ்சாது என்பது அவர் வாதம். அன்றைய சட்டத்தில் கிராமப்புறத்தில் ஓட்டுப் போட வருடம் 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். செக்ஸ்பி என்ற சாதாரணச் சிப்பாய் எழுந்து, உயிரைப் பணயம் வைத்துச் சண்டையிட்ட எங்களுக்கு இந்த நாட்டில் உரிமை இல்லையென்றால் நாங்கள் வெறும் கூலிப்படையா என்று கேட்கிறார். இந்த இடத்தில் எந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். அதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

இன்னொன்று. நம் தாளில் மதச் சீர்திருத்தம் ஓர் அலகு, அரசியல் வேறோர் அலகு. புட்னியில் பேசியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் அச்சாகி இங்கிலாந்துக்குள் ரகசியமாக வந்தது. அவர் 1536இல் கொல்லப்பட்டார். அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேல் சொந்த மொழியில் வேதம் படித்த மக்கள் இவர்கள். அதனால்தான் ரெயின்ஸ்பரோ கேட்கிறார்: ஒரு பிரபு இருபது பேரைத் தேர்ந்தெடுக்கலாம், கனவான் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், ஏழை ஒருவரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கடவுளின் சட்டத்தில் எங்கே இருக்கிறது? இரண்டு அலகுகளையும் பிரித்து நடத்தினால் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று மாணவருக்குப் புரியாது.

இவ்வளவும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் வில்லியம் கிளார்க் என்ற செயலர். பேசியதைச் சுருக்கெழுத்தில் குறித்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1891இல்தான் அச்சேறியது.

அவர்கள் கேட்டது அன்று கிடைக்கவில்லை. 1649 மே மாதம், இதே கோரிக்கைகளை நம்பிய சிப்பாய்கள் கலகம் செய்தபோது கிராம்வெல் அவர்களை பர்ஃபோர்ட் ஊர்த் தேவாலயத்தில் அடைத்தார். மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் ஆண்டனி செட்லி என்ற கைதி தன் பெயரையும், 1649 என்ற வருடத்தையும், கைதி என்ற சொல்லையும் கீறி வைத்தார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. இன்றும் அதைப் பார்க்கலாம்.

பெண்களை அங்கே யாரும் நினைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை 1928இல்தான் வந்தது. சொத்துள்ளவருக்கே ஓட்டு என்ற கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் யார் ஓட்டுப் போடலாம் என்பதைச் சொத்தும் வரியும்தான் முடிவு செய்தன. ஐர்ட்டனின் வாதம் கடல் தாண்டி வந்து, வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை தந்த 1951–52 பொதுத்தேர்தல்வரை இங்கே ஆண்டது என்றுதான் நான் பாடம் எடுக்கிறேன்.

ஸ்டூவர்ட் அலகில் புட்னிக்கு ஆறு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். கிராம்வெல்லின் வெளியுறவுக் கொள்கையைச் சுருக்கினால் நேரம் கிடைத்துவிடும். அந்த விவாதத்தில் பத்துப் பக்கத்தையாவது தமிழில் பாடநூலோடு சேருங்கள். தேர்விலும் ‘காரணங்களை விவரி’ என்று கேட்பதற்குப் பதிலாக ஐர்ட்டன் பேச்சையும் ரெயின்ஸ்பரோ பேச்சையும் கொடுத்து, யார் பக்கம் நியாயம் என்று எழுதச் சொல்லுங்கள்.

அக்டோபர் 29 விவாதத்தில் பெரும்பகுதியை வகுப்புக்காக மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். குழு கேட்டால் அடுத்த நாளே அனுப்புகிறேன். திருத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், என் பெயர் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்