பலூன் போகாத உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க அறிவியல் பக்கத்துல (பக்கம்னு சொல்லக்கூடாது, நகைக்கடை விளம்பரம் போக மிச்சம் இருந்த மூலை) காத்துல ஓடுற 'கிராவிட்டி வேவ்'ங்கற அலைகளை அளக்கற வளிமண்டல ராடார் பத்தி வந்துச்சு. "பலூனும் செயற்கைக்கோளும் பார்க்காத எதை இந்த ராடார் பார்த்துவிடப் போகிறது?"ன்னு முடிச்சிருக்கார் உங்க நிருபர். உங்களுக்குத் தெரியாததில்ல, பலூன் முப்பது, முப்பத்தஞ்சு கிலோமீட்டர்லயே வெடிச்சிரும், இந்த ராடார் பாக்கற 90 கிலோமீட்டர்ல சாட்டிலைட்டை விட்டா காத்து உரசியே எரிஞ்சுரும். சாட்டிலைட் அதைவிட உசரத்துல இருந்து எட்டிப் பாக்கும், சரி. ஆனா ஒரே ஊருக்கு மேல நிமிஷக்கணக்குல காத்தை யாரு அளக்கறது?

நான் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் பண்ணதே திருநெல்வேலி கிருஷ்ணாபுரம் ராடார் டேட்டாவுலதான். 1992ல இருந்து ஓடுன ராடார், 1.98 மெகாஹெர்ட்ஸ். அனுப்புன சிக்னல்ல துளியூண்டு 70, 80, 90 கிலோமீட்டர்ல பட்டுத் திரும்பும், அந்த எக்கோவோட ஏத்த இறக்கம் தரையில இருக்கிற மூணு ஆன்டெனாவுல எதுல முந்தித் தெரியுது எதுல பிந்தித் தெரியுதுன்னு வச்சுதான் காத்தோட வேகமும் திசையும் கணக்கு போடறது. அந்தக் காத்தை கிராஃப் போட்டா கிராவிட்டி வேவோட முகடு நேரம் ஆக ஆக கீழ இறங்கிட்டே வரும், ஆனா அதுக்கு அர்த்தம் எனர்ஜி மேல போகுதுங்கறது, சார் சொன்னப்போ நம்பவே முடியல. இங்க இடிமழை பெஞ்சாலோ மலையில காத்து மோதினாலோ கிளம்புற அலைதான் அது, மேல போகப்போக காத்து லேசாகறதால பெருசாகி கடைசில உடையுது, உடைஞ்சு கொடுக்கற தள்ளுலதான் கோடையில துருவத்துக்கு மேல அந்த உசரத்துல, சூரியன் மறையாத அந்த நேரத்துலயே, காத்து மேலெழும்பி விரிஞ்சு குளிர்ந்து வெப்பநிலை மைனஸ் 130 டிகிரிக்கும் கீழ போகுது. ஹைன்ஸ்ங்கற விஞ்ஞானி 1960லயே இந்த அலைங்களைப் பத்தி எழுதிட்டார். உங்க ஆபீசுக்கு இன்னும் வந்து சேரல போல.

இதுக்கு நீங்க போட்ட படம் ரெண்டு கருந்துளை மோதறது! அதுல வர்றது 'கிராவிடேஷனல் வேவ்', ஐன்ஸ்டீன் சமாச்சாரம் ஐயா, இது 'கிராவிட்டி வேவ்', நம்ம தலைக்கு மேல ஆடற காத்து. பேருதான் ஒண்ணு போல. முன்ன ஒருதடவை திருப்பதி பக்கம் காதங்கி ராடார்ல இருக்கிற 1024 யாகி ஆன்டெனாவை (பழைய டிவி ஆன்டெனா மாதிரி இருக்கும்) செல்போன் டவர்னு போட்டீங்க, எழுதிப் போட்டேன், பதில் இல்ல. ராசிபலன்ல மீனத்துக்கும் மேஷத்துக்கும் மாறிப்போச்சுன்னா மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீங்க.

பெருசா ஒண்ணும் கேக்கல. அந்தப் படம் தப்புன்னு ஒரு வரி போடுங்க, தங்கம் விலைக்குக் கீழ பொடி எழுத்துல போட்டாலும் சரி.

இப்படிக்கு,
இன்னும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற வாசகன்,
பாளையங்கோட்டை