ம, ர, இம்: முதல் வகுப்புப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும், மதிப்பீட்டுப் படிவத்தைத் தயாரித்தவர்களுக்கும் வணக்கம்.

முதல் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரிகிறது, சொல்லை வாசிக்க வரவில்லை என்று உங்கள் அண்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. உண்மைதான். ஆனால் அடுத்த வரியிலேயே ஆசிரியர்களின் அக்கறைக் குறைவுதான் காரணம் என்று முடிவுகட்டி, விளக்கமும் கேட்டிருக்கிறீர்கள். இந்த மடலை அந்த விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் பாடநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கிறது.

'மரம்' என்ற சொல்லை ஒரு பிள்ளையின் முன் வையுங்கள். ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்து "ம... ர... இம்" என்று சொல்லும். சேர்த்துச் சொல் என்றால் "மர-இம்". இன்னும் வேகமாகச் சொல் என்றால் "மரயிம்". அது தனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் இல்லையே என்று நிமிர்ந்து ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். 'பட்டம்' இன்னும் மோசம்: "ப, இட், ட, இம்". நான்கு எழுத்தும் சரி, சொல் மட்டும் கிடைக்கவில்லை. பேசத் தொடங்கிய நாள் முதல் வாயில் இருக்கும் 'அம்மா'வே ஏட்டில் "அ, இம், மா" ஆகிவிடுகிறது. இதில் பிள்ளையின் தவறு என்ன? 'ம்' என்ற எழுத்தைக் காட்டி "இம்" என்று சொல்லச் சொன்னது உங்கள் நூல்.

மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம். அதனால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துச் சொல்கிறோம். எழுத்தின் பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும். வாசிக்கும்போது அந்த இகரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று நூலில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம். சில பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ககரம் ஓரிடத்தில் வல்லோசையாகவும் இன்னோரிடத்தில் மெல்லோசையாகவும் ஒலிப்பதுதான் சிக்கல் என்று பயிற்சிகளில் சொல்கிறீர்கள். அது பெரிய தடையே இல்லை. 'தங்கம்' என்பதன் ககரத்தைப் பிள்ளை அழுத்தி வாசித்தாலும், தெரிந்த சொல்லின் பக்கத்தில் வந்துவிட்டதால் வாய் தானே திருத்திக்கொள்ளும். நடுவில் நுழைந்த இகரத்தை அப்படித் திருத்த முடியாது. அது ஓர் அசையையே கூட்டிவிடுகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மெய்யை முந்தைய எழுத்தோடு ஒட்டிய ஒலியாகக் கற்பிக்கும் பக்கங்களை, 247 எழுத்து அட்டவணைக்கு முன்னால் வையுங்கள்.

அதற்குப் பெரிய செலவில்லை. க, ப, ம, ட, ர, ல ஆகிய ஆறு எழுத்துகளும், புள்ளி வைத்த ல், ம் இரண்டும் முதலில் போதும். 'க' அட்டையையும் 'ல்' அட்டையையும் ஓரடி இடைவெளி விட்டு மேசைமேல் வைக்க வேண்டும். 'க' என்று தொடங்கி, மூச்சை நிறுத்தாமல், விரல் 'ல்' அட்டையைத் தொடும்போது நாக்கு மேலே போக வேண்டும். அட்டைகளை நெருக்க நெருக்க ஒலியும் நெருங்கி 'கல்' ஆகும். பிறகு பல், மடல், படம், மரம். ல், ம், ர், ன் போன்றவற்றை நீட்டிச் சொல்ல முடியும் என்பதால் அவற்றில் தொடங்க வேண்டும். க், ட், ப் ஆகியவை அடைபடும் ஒலிகள், நீட்ட வராது. அவற்றைப் பக்கம், பட்டம், அப்பா போன்ற சொற்களில் பிறகு தரலாம். அங்கும் 'ப, ட், ட, ம்' என்று நான்காக உடைக்கக் கூடாது. 'பட்', 'டம்' என்று இரண்டுதான். புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பதோடு போகும் என்ற ஒரே விதியைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் போதும். வாரத்துக்கு மூன்று புதிய எழுத்து, நாளுக்குப் பத்து நிமிடம். அதில் பாதி நேரம் பழைய எழுத்துகளுக்கு.

துணைக்கால் வரும்போது கல்-கால், பல்-பால், படம்-பாடம் என்று இணையாக வைத்தால் குறில் நெடில் காதிலேயே பிரியும். கொம்பு எழுத்துகளுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். 'தே' என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது தகரத்தை. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் குறி. இவற்றை ஒரே கட்டத்துக்குள் ஒரே நிறத்தில் அச்சிட்டு ஓர் எழுத்தாகக் காட்ட வேண்டும். 1978-இல் 13 எழுத்துகளின் வடிவம் சீரானது. உகர வரிசைக்கு அந்தச் சீர்மை இன்னும் வரவில்லை. கு, து, பு, மு நான்கும் நான்கு விதம். அவற்றையும் ககர வரிசையையும் ஒரே வாரத்தில் முடிக்கச் சொன்னால் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கத்தான் செய்வார்கள். நடுவில் 'கே'யைத் தொட்டுக் கேட்டால், 'க, கா' என்று தொடக்கத்திலிருந்து வந்துதான் சொல்கிறார்கள்.

மதிப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூலில் உள்ள அதே பாடத்தைப் படத்தோடு கொடுத்து வாசிக்கச் சொல்கிறீர்கள். விரல் இரண்டாம் வரியில் இருக்க, வாய் நான்காம் வரியைச் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். 'கல்' என்பதை எழுத்துக்கூட்டி, தன் பேச்சு வழக்கில் 'கல்லு' என்று சொன்ன பிள்ளைக்குச் சுழியம். உண்மையில் வாசித்தது இரண்டாவது பிள்ளை! படமில்லாமல், 'டமல்', 'மிபால்' போலப் பொருளில்லாத ஐந்து சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். யாருக்கு வாசிக்கத் தெரியும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆசிரியரின் காலை நேரமெல்லாம் படிவம் நிரப்புவதிலும் அதைப் பதிவேற்றுவதிலும் போகிறது. அப்படி நிரப்பிய படிவமே பொய் சொன்னால் அது யாருக்குப் பயன்? பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கக் கேட்க வேண்டிய நேரம் அது.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன், மெய்யை ஒட்டொலியாகக் கற்பிக்கும் பக்கங்களை அட்டவணைக்கு முன்னால் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பத்துப் பக்கம் போதும். சொற்பட்டியலும் அட்டை மாதிரிகளும் எங்களிடம் தயாராக உள்ளன. எந்த நாளில் கொண்டுவரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு ஆசிரியர்கள்